குடல் அழற்சி நோயும் அறுவை சிகிச்சையும்: நோயாளிகளும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

க்ரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆகிய இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். பெரும்பாலும் இளவயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் நோய் இது. மருத்துவர் “அறுவை” என்ற சொல்லை எடுத்ததும் வீட்டில் அச்சம் குடிகொண்டுவிடுகிறது. “எப்படியாவது தள்ளிப் போடுங்கள் டாக்டர்” என்பதுதான் அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது. அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, ஆய்வுகள் உண்மையில் என்ன காட்டியிருக்கின்றன என்பதை நோயாளிகளும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளின் வழியாகவே இங்கே பார்க்கலாம். உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் தெளிவாகப் பேச இந்தப் பக்கம் உதவினால் போதும்.

இரண்டு நோய்களுக்கும் என்ன வேறுபாடு?

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும். மலக்குடலில் தொடங்கி இடைவெளி இல்லாமல் மேல்நோக்கிப் பரவும். குடல் சுவரின் உள்தோலைத்தான் புண்ணாக்கும். இரத்தமும் சளியும் கலந்த மலம், அடக்க முடியாத அவசரம் ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள்.

க்ரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். இடையிடையே நல்ல குடலை விட்டுவிட்டுத் தாக்கும். சுவரின் முழுத் தடிமனையும் பாதிப்பதால் குடல் சுருங்கி அடைபடுகிறது, சீழ்க்கட்டி உண்டாகிறது, குடலுக்கும் பக்கத்து உறுப்புக்கும் இடையே புரைவழி திறந்துகொள்கிறது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் க்ரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஆப்பன்ஹைமர் மூவரும் 1932இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அதிகம் தாக்கப்படும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி.

அறுவையின் பலன் இந்த வேறுபாட்டைப் பொறுத்ததுதான். கோலைட்டிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுவதும் எடுத்துவிட்டால் அந்த நோய் தங்குவதற்குக் குடலில் இடமில்லை. மூட்டு, கண், கல்லீரல் தொடர்பான உபாதைகள் மட்டும் சிலருக்குத் தொடரலாம். க்ரோன் நோயில் அப்படி அல்ல. கெட்ட பகுதியை எடுத்த பிறகும் மிஞ்சிய குடலில் நோய் திரும்ப வரக்கூடும். ஆகவே “அறுவை செய்தால் குணமாகுமா?” என்ற கேள்விக்கு இரண்டு நோய்களுக்கும் ஒரே பதில் கிடையாது.

இது மேல்நாட்டு நோய்தானே?

அப்படித்தான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். பஞ்சாபில் வீடுவீடாகச் சென்று செய்த ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருப்பதாக அது கண்டது. இலங்கையில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. அங்கே ஒரு லட்சத்துக்குக் கோலைட்டிஸ் 5.3, க்ரோன் 1.2 என்று கணக்கானது. வீடு தேடிப் போய் எண்ணுவதும் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணுவதும் ஒன்றாகாது என்பதால் இந்த இரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். நம் பக்கத்திலும் இந்த நோய் இருக்கிறது என்பதற்கு இவை போதும்.

முதலில் குடல் காசநோய் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். இப்போது க்ரோன் என்கிறார்கள். தவறு நடந்துவிட்டதா?

தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே விரும்பித் தாக்குகின்றன. இரண்டிலும் காய்ச்சல், எடைக் குறைவு, குடல் சுருக்கம் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டிலும் கிரானுலோமா என்ற கட்டிகள் தெரியும். காசநோய் மிகுந்த நாட்டில் மருத்துவருக்கு இதைவிடக் கடினமான புதிர் குறைவு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு, பயாப்சியில் (குடலிலிருந்து எடுக்கும் சிறு சதைத் துணுக்கின் பரிசோதனையில்) தெரியும் கட்டிகளின் அளவையும் எண்ணிக்கையையும் அமைப்பையும் வைத்து இரண்டையும் எப்படிப் பிரித்தறியலாம் என்று காட்டியது. காசநோயில் அவை பெரியவையாக, ஒன்றோடொன்று சேர்ந்தவையாக, நடுவில் அழுகல் கொண்டவையாக இருக்கும். க்ரோனில் சிறியவை, தனித்தனியானவை.

அப்படியும் தெளிவு கிடைக்காதபோது காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். ஆபத்து எங்கே என்றால், பலன் தருகிறதா என்று பார்க்காமல் மாதக்கணக்கில் அதையே தொடர்வதில் இருக்கிறது. க்ரோன் உள்ளவருக்கு இப்படி நாள் கடந்தால் அந்த இடைவெளியில் குடல் சுருக்கம் உண்டாக வாய்ப்புக் கூடுகிறது என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு காட்டியிருக்கிறது. சுருக்கம் விழுந்துவிட்டால் பிறகு எந்த மருந்தும் அதை எளிதில் நெகிழ்த்துவதில்லை, அறுவைதான் மிஞ்சும். காசநோய் என்றால் மருந்து தொடங்கிய இரண்டு, மூன்று மாதங்களிலேயே புண்கள் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து பாருங்கள் என்று நீங்களே கேட்கலாம். கேட்க வேண்டும்.

எல்லோருக்கும் கடைசியில் அறுவை வந்தே தீருமா?

இல்லை. பல நாடுகளின் மக்கள்தொகை ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, 2000க்குப் பிறகு நோய் கண்டறியப்பட்டவர்களில் 10 ஆண்டுகளுக்குள் அறுவை தேவைப்பட்டவர்கள் க்ரோனில் 100க்கு ஏறத்தாழ 26 பேர், கோலைட்டிஸில் 100க்கு 10 பேருக்கும் சற்றுக் குறைவு. முந்தைய தலைமுறையில் இதைவிடக் கூடுதலாக இருந்தது. நல்ல மருந்துகள், விரைந்த கண்டறிதல் இரண்டும் இந்த மாற்றத்தில் பங்கு கொண்டவை.

தொடக்கத்திலேயே வலுவான மருந்து கொடுப்பதன் பயனையும் ஒரு சோதனை காட்டியது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் பிரிட்டனில் நடந்து 2024இல் வெளியான ‘ப்ரொஃபைல்’ ஆய்வில், புதிதாகக் க்ரோன் கண்டறியப்பட்ட 386 பேர் இருந்தார்கள். முதல் நாளிலிருந்தே இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற பயாலஜிக் மருந்தை (அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் மருந்து) நோயெதிர்ப்பு அடக்கியுடன் பெற்ற குழுவில் வயிற்று அறுவை வரை போன சிக்கல் ஒன்றே ஒன்று. படிப்படியாக மருந்தைக் கூட்டிய குழுவில் பத்து. விலைதான் நம் ஊரில் பெரிய தடை. இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் ஆகியவற்றின் இந்தியத் தயாரிப்பான பயோசிமிலர்கள் (மூல மருந்துக்கு இணையான, விலை குறைந்த மருந்துகள்) வந்த பிறகு அந்தத் தடை ஓரளவு தணிந்திருக்கிறது.

மருந்தெல்லாம் தோற்ற பிறகுதானே அறுவை?

இந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் நடந்த ‘லிரிக்’ என்ற சோதனை 2017இல் வெளியானது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மட்டும், 40 செ.மீ.க்குக் குறைவான நீளத்துக்கு, க்ரோன் நோய் உள்ளவர்கள் 143 பேர் அதில் சேர்ந்தார்கள். வழக்கமான மருந்துகள் அவர்களுக்குப் போதிய பலன் தரவில்லை. பாதிப் பேருக்கு இன்ஃப்ளிக்ஸிமாப், பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் முறை) வழியாக அந்தப் பகுதியை எடுக்கும் அறுவை என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்பினரின் வாழ்க்கைத் தரத்தையும் நோயாளிகளே நிரப்பும் கேள்வித்தாள் மூலம் அளந்தார்கள். மதிப்பெண் அறுவைக் குழுவுக்கு 178, மருந்துக் குழுவுக்கு 172. அதாவது, கணக்கில் எடுக்கும்படியான வேறுபாடு இல்லை.

அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்த நிலையில், மருந்துக் குழுவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் எப்படியும் அறுவைக்கு வந்துவிட்டிருந்தார்கள். அறுவைக் குழுவில் இன்ஃப்ளிக்ஸிமாப் வகை மருந்து தேவைப்பட்டவர்கள் நான்கில் ஒருவர் மட்டுமே. ஒருவருக்கும் இரண்டாவது குடல் வெட்டு தேவைப்படவில்லை.

இதை எல்லாக் க்ரோன் நோயாளிகளுக்கும் நீட்டிவிட முடியாது. நோய் நீண்ட தூரம் பரவியவருக்கு, பல இடங்களில் உள்ளவருக்கு, ஏற்கெனவே குடல் வெட்டப்பட்டவருக்குக் கணக்கு வேறு. ஆனால் சிறிய இடத்தோடு நிற்கும் நோய்க்கு, தொடக்கத்திலேயே செய்யும் அறுவையும் மருந்துக்குச் சமமான ஒரு தேர்வு என்று இந்த ஆய்வு நிறுவியது. அந்தத் தேர்வு இருப்பதையே பல நோயாளிகளிடம் யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தள்ளிப் போட்டால் என்ன கெட்டுவிடும்?

நிறையக் கெட்டுவிடலாம். 2015இல் வெளியான ஒரு பெரும் பகுப்பாய்வின் எண்களைப் பாருங்கள். கோலைட்டிஸுக்குத் திட்டமிட்டுச் செய்த அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1000 பேரில் 7 பேர். அவசரமாகச் செய்தபோது 1000 பேரில் 53 பேர். க்ரோனில் இதே எண்கள் 6, 36. நோய் அதேதான், அறுவையும் ஏறத்தாழ அதேதான். அவசரத்துக்கு வருபவரின் உடல் ஏற்கெனவே மோசமாக இருக்கிறது என்பது உண்மை. அப்படி மோசமாகும்வரை காத்திருந்தது ஏன் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கடும் கோலைட்டிஸ் தாக்குதலில் நாட்கள் மட்டுமல்ல, மணிகளும் கணக்கில் வரும். ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட முறை இரத்தப்போக்குடன் மலம், அதோடு காய்ச்சலோ, 90க்கு மேல் நாடித்துடிப்போ, இரத்தசோகையோ இருந்தால் அது கடும் தாக்குதல். ஆக்ஸ்போர்டில் டிரூலவ், விட்ஸ் இருவரும் 1955இல் வகுத்த இந்த அளவுகோல் இன்றும் வழக்கில் இருக்கிறது. இப்படிப்பட்டவர் வீட்டில் இருக்கக் கூடாது. மருத்துவமனையில் நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுப்பார்கள். மூன்றாம் நாள் முக்கியமானது. அன்றும் எட்டு முறைக்கு மேல் மலம் போனாலோ, மூன்று முதல் எட்டு முறை போய் சி.ஆர்.பி. (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு 45க்கு மேல் இருந்தாலோ, அவர்களில் 85 விழுக்காட்டினருக்கு அதே சேர்க்கையில் பெருங்குடலை எடுக்க வேண்டிவந்தது என்று 1996இல் வந்த இன்னொரு ஆக்ஸ்போர்டு ஆய்வு கண்டது. இன்று அந்தக் கட்டத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்க்கிறார்கள். பலருக்குக் குடல் தப்புகிறது. 2016இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை ஒன்றில் 270 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது பலனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அதற்கும் இணங்காவிட்டால் அறுவைதான். அங்கே குடும்பத்தார் “இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமே” என்று கேட்பார்கள். பாசத்தில் கேட்பதுதான். மருந்து வேலை செய்யாமல் கழியும் ஒவ்வொரு நாளும் அறுவைக்குப் பிந்தைய கடும் சிக்கல்களைக் கூட்டுகிறது. அதனால்தான், அறுவை மருத்துவர் முதல் நாளே வந்து நோயாளியைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அவர் வந்ததைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டீராய்டும் பயாலஜிக் மருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். புண் ஆறாமல் போகுமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு பற்றிய அச்சம் நியாயமானது. நாளொன்றுக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் ஆறு வாரங்களுக்கு மேல் எடுத்தவர்களுக்குத் தொற்றும், குடல் இணைப்பில் கசிவும் கூடுதலாக வருகின்றன. காலம் இருந்தால் அளவைப் படிப்படியாகக் குறைத்துவிட்டு அறுவைக்குப் போவது நல்லது. நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடல் தானே சுரக்க வேண்டிய கார்டிசால் சுரப்பு உறங்கிப்போயிருக்கும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் வகை மருந்துகள் மீது இருந்த பழி பெருமளவு நீங்கிவிட்டது. அமெரிக்காவில் 947 நோயாளிகளை முன்கூட்டியே பதிவுசெய்து கவனித்த ‘புச்சினி’ ஆய்வு 2022இல் வெளிவந்தது. அறுவைக்கு முந்தைய 12 வாரங்களில் இந்த மருந்து பெற்றவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 20.2 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்தது. மருந்தின் காரணமாகத் தொற்று கூடவில்லை. எனவே இந்த மருந்தை எடுத்தார் என்பதற்காக மட்டும் தேவையான அறுவையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

அறுவைக்கு முன் வீட்டில் என்ன செய்யலாம்?

சாப்பிட வைக்கலாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் வந்ததும் பால் நிறுத்தம், பருப்பு நிறுத்தம், முட்டை நிறுத்தம், கடைசியில் கஞ்சி மட்டும் என்று பத்தியம் பிடித்து, ஏற்கெனவே மெலிந்தவரை மேலும் மெலிய வைக்கிறோம். அன்புள்ள வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு 3க்குக் கீழே போனவர் ஆகியோருக்கு அறுவைச் சிக்கல்கள் கூடுகின்றன. தையல் இடும் குடல் ஆறுவதற்குப் புரதம் வேண்டும்.

அவசரம் இல்லையென்றால் சில வாரங்கள் ஒதுக்கி உடலைத் தேற்றிவிட்டு அறுவை செய்வது நல்ல மையங்களில் வழக்கமாகி வருகிறது. க்ரோன் நோயாளிகளுக்கு இந்த வாரங்களில் சாதாரண உணவை நிறுத்தி, முழுச் சத்தும் அடங்கிய திரவ உணவை மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. இது சத்துக் கொடுப்பதோடு அழற்சியையும் தணிக்கிறது. சுவை சலித்துவிடும் என்பது உண்மை. சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றலாம். குடல் புண்ணாக இருக்கும்போது மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படாது. வயிற்றில் சீழ்க்கட்டி இருந்தால் முதலில் ஊசிக் குழாய் வைத்து வடித்துவிடுவார்கள்.

புகைபிடிப்பவர் நிறுத்த வேண்டும். க்ரோன் நோயில் இதற்கு இணையாக நோயாளி தன் கையால் செய்யக்கூடிய வேறொன்று இல்லை.

கோலைட்டிஸுக்கு ஏன் இரண்டு, மூன்று தடவை அறுவை செய்கிறார்கள்?

உடல் தாங்க வேண்டும் என்பதற்காக. கடும் தாக்குதலில் இருப்பவருக்கு முதலில் பெருங்குடலை மட்டும் எடுத்து, சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து ஸ்டோமா என்ற வாய் அமைப்பார்கள். கழிவு அதன் வழியாக வயிற்றின் மேல் ஒட்டிய பைக்குள் விழும். சில மாதங்கள் கழித்து, ஸ்டீராய்டு நின்று எடை ஏறியதும், மலக்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உள்ளேயே ஒரு பை (பவுச்) போல ஆக்கி ஆசனவாயோடு இணைப்பார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை தற்காலிக ஸ்டோமா ஒன்று இருக்கும். அதை மூடுவது மூன்றாவது கட்டம். நல்ல உடல்நிலையில் வருபவருக்கு இரண்டு கட்டங்களில் முடிந்துவிடலாம்.

இந்தப் பவுச் அறுவையை 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கோல்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். இன்று எங்கும் செய்யப்படும் ‘ஜே’ வடிவப் பையை 1980இல் ஜப்பானியர் உட்சுனோமியா அறிமுகப்படுத்தினார்.

பவுச் வைத்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்?

பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பகலில் ஐந்தாறு முறை, இரவில் ஒருமுறை மலம் கழிப்பது பவுச் உள்ளவருக்கு இயல்பு. ஆனால் அந்த அடக்க முடியாத அவசரம் போய்விடுகிறது. பஸ்ஸில் ஏறும்முன் கழிப்பறை எங்கே என்று தேடிய ஒருவருக்கு இந்த மாற்றத்தின் மதிப்பு தெரியும். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எப்போதாவது பவுச்சில் அழற்சி வரும். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்கிவிடும். பத்தாண்டுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பவுச் தோற்றுப்போய் மறுபடி ஸ்டோமா வேண்டிவருகிறது.

இளம்பெண்களிடம் ஒரு செய்தியை மறைக்கக் கூடாது. இடுப்புக்குழிக்குள் செய்யும் இந்த அறுவையின் பின் கருத்தரிப்பது கடினமாகலாம். திறந்த அறுவைக் காலத்து ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வந்த பகுப்பாய்வில், கருத்தரிப்புச் சிக்கல் 15 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காடாக உயர்ந்தது தெரிந்தது. லேப்ராஸ்கோபியில் ஒட்டுகள் (உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புகள்) குறைவாக விழுவதால் நிலைமை மேம்பட்டிருக்கிறது. பெருங்குடலை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, குழந்தை பெற்ற பிறகு பவுச் அமைத்துக்கொள்வதும் ஒரு வழி. திருமணப் பேச்சு நடக்கும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இந்தத் தகவலைப் பெற்றோரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது முறையல்ல. முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

வயிற்றில் பை என்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பயம் இயல்பானது. ஒரு காலத்தில் ஸ்டோமா உண்மையிலேயே துன்பமாக இருந்தது. 1952இல் பர்மிங்காமின் பிரையன் புரூக், சிறுகுடல் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறம் மடித்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கழிவு தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழுந்தது. தோல் புண்ணாவது குறைந்தது. இன்றும் அதே முறைதான்.

ஸ்டோமா நன்றாக அமைவதற்கு அறுவைக்கு முன்பே இடம் குறிக்க வேண்டும். படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் குனிந்தும் பார்த்து, மடிப்பு விழாத இடத்தில் பேனாவால் குறிப்பார்கள். பாவாடை நாடா எங்கே இறுகுகிறது, வேட்டியை எங்கே கட்டுகிறீர்கள், தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது வயிறு எங்கே மடிகிறது என்பதையெல்லாம் அப்போதே சொல்லுங்கள். பிறகு மாற்ற முடியாது.

சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர் நீரையும் உப்பையும் அதிகம் இழப்பார். அறுவைக்குப் பின் மீண்டும் மருத்துவமனைக்கு வருவோரில் பலர் இந்த நீரிழப்பால்தான் வருகிறார்கள். தாகம் என்று வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இழப்பு இன்னும் கூடும். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட கஞ்சி ஆகியவையே நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சிறுநீர் அடர்ந்து குறைந்தால் காத்திருக்க வேண்டாம்.

அறுவைக்குப் பின் எத்தனை நாள் வாய்க்கு ஒன்றும் கொடுக்கமாட்டார்கள்?

காற்றுப் பிரிந்தால்தான் சோறு என்ற காலம் பெரும்பாலும் போய்விட்டது. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறைப்படி, அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் குடிக்கலாம். அறுவைக்குப் பின் விரைவிலேயே வாய்வழி உணவு தொடங்கும். மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். தையல் பிரிந்துவிடும் என்று உறவினர் தடுக்க வேண்டாம்.

நடப்பது ஏன் அவ்வளவு முக்கியம்?

கால் நரம்புகளில் இரத்தம் உறைவதைத் தடுக்க. குடல் அழற்சி நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு இந்த ஆபத்து உண்டு. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிர் போகலாம். இதற்காகவே ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். மலத்தில் இரத்தம் போகிறதே என்று அதை மறுக்காதீர்கள்.

க்ரோன் அறுவைக்குப் பின் நோய் திரும்பி வருமா?

பெரும்பாலோருக்கு வரும், சொல்லாமல் வரும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் பால் ருட்கீர்ட்ஸ் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் ஓராண்டுக்குள் 73 விழுக்காட்டினருக்குக் குடல் இணைப்பருகே புதிய புண்கள் தெரிந்தன. ஆனால் அறிகுறி உணர்ந்தவர்கள் 20 விழுக்காடுதான். நன்றாக இருக்கிறோமே என்று மருத்துவரை மறந்துவிடும் அந்த ஓராண்டில்தான் நோய் மறுபடி வேர்விடுகிறது.

அதனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் ‘போசர்’ என்ற சோதனையை நடத்தினார்கள். 174 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆறாம் மாதமே கொலோனோஸ்கோபி செய்து, புண் தெரிந்தால் மருந்தைக் கூட்டினார்கள். மற்றவர்களுக்கு அப்படிச் செய்யவில்லை. 18 மாதங்கள் கழித்து நோய் திரும்பியவர்கள் முதல் குழுவில் 49 விழுக்காடு, இரண்டாவதில் 67. ஆறு மாதத்தில் ஒரு கொலோனோஸ்கோபி என்பது இன்று உலகெங்கும் வழக்கமானதற்கு 2015இல் வந்த இந்த முடிவு முக்கியக் காரணம். உங்களுக்கு வலி இல்லாவிட்டாலும் போய்ச் செய்துகொள்ளுங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனையும் இடையில் உதவும்.

மறுபடி மறுபடி வெட்டினால் குடலே மிஞ்சாதே?

இந்தக் கவலைக்கு ஒரு நல்ல விடை நம் நாட்டிலிருந்துதான் கிளம்பியது. 1977இல் கத்தாரியா என்ற இந்திய அறுவை மருத்துவரும் சக மருத்துவர்களும், காசநோயால் சுருங்கிய குடலை வெட்டி எடுக்காமல், சுருக்கத்தை நீளவாக்கில் திறந்து குறுக்குவாக்கில் தைத்து அகலப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். ஒரு செ.மீ. குடலும் இழப்பாகாது. அதைப் பார்த்து ஆக்ஸ்போர்டின் இமானுவேல் லீ 1982இல் க்ரோன் நோயாளிகளுக்குச் செய்தார். இன்று ஸ்ட்ரிக்சர்பிளாஸ்டி என்ற பெயரில் உலகம் முழுவதும் செய்யப்படுகிறது. பெரும்பாலும் சிறுகுடலின் குறுகிய சுருக்கங்களுக்கே ஏற்றது.

புதிய அறுவை முறைகள் பற்றிப் படித்தேன். நம்பலாமா?

ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஜப்பானின் தோரு கோனோ வகுத்த ‘கோனோ-எஸ்’ இணைப்பு முறையை இத்தாலியின் நேப்பிள்ஸில் 79 பேரிடம் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் நோய் திரும்பியது 22 விழுக்காட்டினருக்கு, வழக்கமான இணைப்பில் 63 விழுக்காட்டினருக்கு. பெரிய வேறுபாடு, ஆனால் சிறிய ஆய்வு.

குடலைத் தாங்கும் கொழுப்புச் சவ்வையும் சேர்த்து எடுத்துவிட்டால் நோய் திரும்பாது என்ற நம்பிக்கையின் கதை வேறு. அயர்லாந்தின் லிமெரிக்கில் கால்வின் காஃபி 2018இல் வெளியிட்ட ஆய்வில் மறு அறுவை 40 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உலகமே வியந்தது. அது பழைய நோயாளிகளோடு புதியவர்களை ஒப்பிட்ட ஆய்வு. பிறகு பல மையங்களில் குலுக்கல் முறையில் நடந்த ‘ஸ்பைசி’ சோதனை 2024இல் வெளியானது. ஆறு மாதத்தில் நோய் திரும்பிய விகிதம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு செய்தித்தாள் தலைப்பை நம்பி மருத்துவமனை மாறக் கூடாது என்பது விளங்கும்.

ஆய்வுகளில் “நல்ல பலன்” என்கிறார்களே, யார் பார்வையில்?

மிகச் சரியான கேள்வி. அறுவை மருத்துவ ஆய்வுகள் பலவும் 30 நாளைக்குள் நடந்ததையே எண்ணின. தொற்று, கசிவு, மறு அறுவை, இறப்பு. இவற்றைத் தரம் பிரிக்க 2004இல் வந்த கிளாவியன்-டின்டோ அளவுகோல் பயன்படுகிறது. அது அவசியம்தான். ஆனால் முப்பதாம் நாள் நலமாக வீடு திரும்பிய ஒருவர் ஆறு மாதம் கழித்து வேலைக்குப் போகிறாரா, இரவில் தூங்குகிறாரா, தாம்பத்தியம் எப்படி இருக்கிறது, இதே முடிவை மறுபடி எடுப்பாரா என்பது அந்தக் கணக்கில் வராது. இப்போது நோயாளியே நிரப்பும் கேள்வித்தாள்கள் ஆய்வுகளில் இடம்பெறுகின்றன. மேலே சொன்ன லிரிக் சோதனை அதைத்தான் முதன்மை அளவாக வைத்தது. அதனால்தான் அந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குடல்வாலை எடுத்தால் கோலைட்டிஸ் அடங்குமா?

அமைதியாக இருக்கும் கோலைட்டிஸ் திரும்பக் கிளம்புவதை அது குறைக்கலாம். 2025இல் வெளியான ‘அக்யூர்’ சோதனையில் ஓராண்டில் நோய் திரும்பியது குடல்வால் எடுத்தவர்களில் 36 விழுக்காடு, எடுக்காதவர்களில் 56. மருந்தை நிறுத்திவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. இரு தரப்பினரும் மருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

புற்றுநோய் வருமா?

பெருங்குடல் நெடுங்காலம் அழற்சியில் இருந்தால் ஆபத்து கூடும். நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் கண்காணிப்புக் கொலோனோஸ்கோபி தொடங்க வேண்டும். பித்தநாள அழற்சியும் உள்ளவருக்கு அது தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இனி என்ன குறையும்?

வைட்டமின் பி12 அங்கேதான் உட்கிரகிக்கப்படுகிறது. 20 செ.மீ.க்கு மேல் எடுத்திருந்தால் அளவைக் கட்டாயம் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பித்த உப்பும் அங்கேதான் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அது பெருங்குடலுக்குள் இறங்கினால் நீர்த்த பேதியாகும். நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம், அதற்குத் தனி மருந்து உண்டு.

அடுத்த வாரம் அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

முதல் கொலோனோஸ்கோபி அறிக்கையிலிருந்து எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பயாப்சி அறிக்கை மட்டும் போதாது. காசநோயா க்ரோனா என்ற ஐயம் இருந்திருந்தால் அந்தப் பயாப்சியின் கண்ணாடித் தகடுகளையும் (ஸ்லைடுகளையும்) பரிசோதனைக் கூடத்திலிருந்து கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு எந்த அளவில் எத்தனை வாரம் எடுத்தார், பயாலஜிக் ஊசி கடைசியாக எப்போது போட்டார், ஆறு மாதத்துக்கு முன் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்டுக்கு எத்தனை குடல் அழற்சி நோயாளிகளுக்கு அறுவை செய்கிறீர்கள் என்று அவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. தயங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஒருமுறை அறுவை நடந்திருந்தால், பழைய மருத்துவமனையிலிருந்து அறுவைக் குறிப்பின் நகலை வாங்கிவிடுங்கள். எத்தனை செ.மீ. குடலை எடுத்தார்கள் என்பதோடு, எத்தனை செ.மீ. சிறுகுடல் மிச்சம் இருக்கிறது என்பதும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது எண் இல்லையென்றால், இந்த முறை அளந்து எழுதச் சொல்லி அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.